கண்டியில் படம், கல்வர் சிட்டியில் இசை

திரைப்படத்தில் ஒலிக்கும் வாத்தியக்குழு இசையை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன: இசையமைப்பாளர் எழுதிய சுரங்கள், அவற்றை வாசிக்கும் கலைஞர்கள், அவர்கள் அமர்ந்து வாசித்த கூடம். முதல் இரண்டுக்கும் உரியவர்களின் பெயர்கள் படத்தின் எழுத்துகளில் வருகின்றன. கூடத்தின் பெயர் கடைசியில், சின்ன எழுத்தில் ஒரு வரியாக ஓடி மறைகிறது. ஆனாலும் ஒரே குழு ஒரே இசையை இரு வேறு கூடங்களில் வாசித்தால், கேட்பவர் காதில் அது இரு வேறு இசையாகவே விழும். சுவர், கூரை, தரை, காற்று எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நீளத்தையும் நிறத்தையும் கொடுக்கின்றன. படம் எடுத்த இடம் ஒன்று, இசை பதிவான இடம் இன்னொன்று என்பது திரைப்படத்தில் வழக்கம். இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை விளங்கிக்கொள்ள கண்டி நல்லதோர் எடுத்துக்காட்டு.

ஹந்தானையில் எடுத்த படம்

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்’ படப்பிடிப்பு 1983 ஏப்ரலில் கண்டியில் தொடங்கியது. கதை நடப்பது 1935இல் வட இந்தியாவில். அங்கே படம்பிடிக்க அனுமதி கிடைக்காததால் படக்குழு இலங்கைக்கு வந்தது. குழந்தைகளைப் பறிகொடுத்த கிராமம் ஹந்தானை மலைச்சரிவில் எழுந்தது. இறுதிக்கட்டச் சண்டை நடக்கும் தொங்குபாலம் மகாவலிப் பள்ளத்தாக்கின் மேல், அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த விக்டோரியா அணைக்கு அருகே கட்டப்பட்டது. அணைக்கட்டுப் பணியில் இருந்த பிரித்தானியப் பொறியியல் நிறுவனமே பாலத்துக்கும் உதவியது. கோயிலின் உட்புறக் காட்சிகள் இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டன.

படத்தின் இசையை ஜோன் வில்லியம்ஸ் 1984இல் கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் உள்ள எம்.ஜி.எம். ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவுசெய்தார். வரிசையின் முதல் படமான ‘ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்’ (1981) இசை லண்டனின் அபே ரோடு ஸ்டூடியோவில், லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுடன் பதிவானது. இரண்டு படங்களிலும் நாயகனுக்குரிய அணிவகுப்பு மெட்டு ஒன்றே. அதை எழுதியவரும் ஒருவரே. கூடம் மட்டும் ஓர் அத்திலாந்திக் சமுத்திரமும் ஒரு கண்டமும் தாண்டி மாறிவிட்டது. வாசித்தவர்களும் ஒலிப்பொறியாளர்களும் மாறியதால் எல்லா வேறுபாட்டையும் கூடத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் கூடத்தின் பங்கு எது என்று பிரித்துச் சொல்ல ஒலியியல் வழி காட்டுகிறது.

கூடம் ஒலிக்குச் செய்வது

ஒரு ட்ரம்பெட் ஒரு சுரத்தை எழுப்புகிறது. அதன் ஒலி மைக்கை மூன்று தவணைகளில் வந்தடைகிறது. நேர்கோட்டில் வருவது முதலில். சுவரிலோ கூரையிலோ ஒருமுறை பட்டுத் தெறித்து வருபவை அடுத்து, இவை முன்தெறிப்புகள். பலமுறை தெறித்து, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய முடியாதபடி கலந்து, மெல்ல மெல்லத் தேய்வது மூன்றாவது. இதுவே எதிர்முழக்கம். மலையில் கூப்பிட்டால் தனியாகத் திரும்பி வரும் எதிரொலி வேறு, எதிர்முழக்கம் வேறு. எதிரொலியில் இரண்டாவது சொல் தனியாகக் கேட்கும். எதிர்முழக்கத்தில் முதற்சொல்லே நீண்டு கேட்கும்.

ஒலியின் அளவு 60 டெசிபல் குறைய எடுக்கும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்பர். இதைக் கணக்கிடும் வழியைக் கண்டவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன். 1895இல் அங்கிருந்த ஃபாக் அரும்பொருளகத்தின் விரிவுரை மண்டபத்தில் யார் பேசினாலும் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பின. உச்சரித்த ஒரு சொல் ஐந்தரை வினாடி வரை அங்கே கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கியும் எடுத்தும் சபைன் அளந்து பார்த்தார். எதிர்முழக்க நேரம் கூடத்தின் கன அளவுக்கு நேர்விகிதத்திலும், அங்குள்ள மொத்த உறிஞ்சலுக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்பது அவர் கண்ட விதி. கன அளவை 0.161ஆல் பெருக்கி, உறிஞ்சலை சதுர மீட்டரில் எடுத்து வகுத்தால் விடை வினாடியில் கிடைக்கும். இந்த விதியைக் கொண்டு திட்டமிட்ட பாஸ்டன் சிம்பொனி மண்டபம் 1900இல் திறக்கப்பட்டு, இன்றும் உலகின் சிறந்த இசைமண்டபங்களில் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

15 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளலாம். கன அளவு 900 கன மீட்டர். அறையின் மொத்த உறிஞ்சல் 120 சதுர மீட்டராக இருந்தால் எதிர்முழக்க நேரம் ஏறத்தாழ 1.2 வினாடி. தடித்த திரையும் கம்பளமும் போட்டு உறிஞ்சலை 240 ஆக்கினால் அது 0.6 வினாடியாகிவிடும். அதே அறையில் 3 வினாடி எதிர்முழக்கம் வேண்டுமென்றால் உறிஞ்சலை 48க்குக் குறைக்க வேண்டும். அறுபது பேரும் அவர்களுடைய நாற்காலிகளும் உடைகளுமே அந்த அளவைத் தாண்டி உறிஞ்சிவிடக்கூடும். பெரிய குழுவுக்கு நீண்ட முழக்கம் வேண்டுமானால் பெரிய கூடம்தான் வேண்டும். சிறிய அறையில் அதற்கு மாற்றுவழி கிடையாது.

கூரையின் உயரம் இன்னொரு வகையில் முக்கியமானது. வயலின்காரரின் வாத்தியம் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்திலும், மைக் 3 மீட்டர் உயரத்திலும், இரண்டுக்கும் இடையே கிடைத்தூரம் 4 மீட்டராகவும் இருப்பதாகக் கொள்வோம். கூரை 12 மீட்டர் உயரத்தில் இருந்தால், அதில் பட்டு வரும் ஒலி நேரொலியை விட ஏறக்குறைய 16 மீட்டர் கூடுதலாகப் பயணிக்கிறது. அதாவது 46 மில்லிவினாடி தாமதமாக வருகிறது. காது இதைக் கூடத்தின் விசாலமாக உணரும். கூரை 5 மீட்டரில் இருந்தால் தாமதம் வெறும் 8 மில்லிவினாடி. அவ்வளவு நெருக்கமாக வரும் தெறிப்பு நேரொலியோடு மோதிச் சில மீடிறன்களைக் கூட்டி, சிலவற்றை அழித்துவிடும். ஒலிப்பதிவுக்காரர்கள் “டப்பா சத்தம்” என்று ஒதுக்குவது பெரும்பாலும் இதைத்தான். எத்தனை நல்ல வயலினாக இருந்தாலும் தாழ்ந்த கூரை அதன் நிறத்தை மாற்றிவிடுகிறது.

ஒரு மெட்டு, இரண்டு கூடங்கள்

அபே ரோட்டின் முதலாம் ஸ்டூடியோ 1931 நவம்பரில் எட்வர்ட் எல்கர் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை நடத்தியதோடு திறக்கப்பட்டது. கட்டும்போதே பெரிய குழுவை மனதில் வைத்துக் கட்டிய கூடம் அது. நீளம் சுமார் 28 மீட்டர், அகலம் 16 மீட்டருக்கு மேல், உயரம் சுமார் 12 மீட்டர். எதிர்முழக்க நேரம் 2 வினாடிக்குச் சற்று மேல். 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ இசையை வில்லியம்ஸ் லண்டனுக்கு வெளியே டென்ஹாமில் இருந்த ஆன்வில் கூடத்தில் பதிவுசெய்திருந்தார். அந்தக் கூடம் மூடப்பட்ட பின், ஒலிப்பொறியாளர் எரிக் டாம்லின்சன் அபே ரோட்டுக்கு வந்தார்; திரையிசைப் பணியும் அவரோடு வந்தது. ‘ரெய்டர்ஸ்’ அங்கே பதிவானது இப்படித்தான்.

கல்வர் சிட்டிக் கூடம் வேறு மரபைச் சேர்ந்தது. ஹாலிவுட் பேசத் தொடங்கிய காலத்தில், படச்சுருளை ஓட்டியபடியே இசை பதிவதற்கென்று அமைந்த கூடம் அது. 1939இல் வந்த ‘த விசார்ட் ஆஃப் ஓஸ்’ இசை அங்கேதான் பதிவானது. பின்னாளில் அது சோனி நிறுவனத்தின் வசமானது. வசனத்துக்கும் பிற ஒலிகளுக்கும் இடையில் இசை தெளிவாக நிற்க வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தது ஹாலிவுட் கூடங்களின் ஒலி. அபே ரோட்டைவிட அது வறண்டது; வாத்தியங்கள் கேட்பவருக்கு இன்னும் கிட்டத்தில் இருப்பதுபோல் ஒலிக்கும்.

வறட்சியும் ஈரமும் இசையை எப்படி மாற்றுகின்றன என்பதை ஒரு கணக்கு காட்டும். நிமிடத்துக்கு 160 தட்டு என்ற வேகத்தில், ஒரு தட்டுக்கு நான்கு சுரம் வாசித்தால் ஒவ்வொரு சுரத்துக்கும் கிடைப்பது 94 மில்லிவினாடி. எதிர்முழக்க நேரம் 2 வினாடியாக உள்ள கூடத்தில் ஒலி வினாடிக்கு 30 டெசிபல் வீதம் தேய்கிறது. அடுத்த சுரம் பிறக்கும்போது முந்தையது 3 டெசிபல் கூடக் குறைந்திருக்காது. இரண்டும் சேர்ந்தே கேட்கும். 1 வினாடிக் கூடத்தில் 5.6 டெசிபல் குறைந்திருக்கும். விளிம்புகள் தெரியத் தொடங்கும். அரை வினாடிக் கூடத்தில் 11 டெசிபலுக்கு மேல் குறைந்துவிடும். ஒவ்வொரு சுரமும் தனித்து நிற்கும்.

‘டெம்பிள் ஆஃப் டூம்’ இசை இதற்கேற்ற பொருள். சுரங்கத் தண்டவாளத்தில் வண்டிகள் துரத்திக்கொண்டு ஓடும் காட்சியில் தந்திகளும் மரக்காற்றுக் கருவிகளும் வேகமான சிறு துணுக்குகளை ஒன்றுக்கொன்று வீசிப் பிடிக்கின்றன. தாளக்கருவிகள் ஒவ்வொரு திருப்பத்தையும் வெட்டிக் காட்டுகின்றன. வறண்ட கூடத்தில் அந்த வெட்டு கூர்மையாகவே விழுகிறது. பலிபீடக் காட்சியில் பாடகர் குழுவின் சமஸ்கிருத உச்சாடனத்துக்குப் பின்னாலும் முரசுகளின் முதல் அடி மழுங்காமல் நிற்கிறது. மறுபக்கம், ‘ரெய்டர்ஸ்’ இசையில் பித்தளைக் கருவிகள் ஒரு வாக்கியத்தை முடித்து நிறுத்தும் இடத்தைக் கவனித்துக் கேட்டால், வாசிப்பு நின்றபின்னும் கூடம் அந்தச் சுரத்தைத் தாங்கிப் பிடித்திருப்பது தெரியும். அந்த நீட்சியை வாசித்தது கூடம். அதற்கான சுரம் காகிதத்தில் இல்லை.

வறண்ட ஒலியை வேண்டி எடுத்தவர்களும் உண்டு. ‘சைக்கோ’ (1960) படத்துக்குத் தந்திக் கருவிகளை மட்டும் கொண்டு எழுதிய பெர்னார்ட் ஹெர்மன், மைக்குகளை மிக நெருக்கமாக வைத்துப் பதிவுசெய்தார். வில் தந்தியைக் கீறும் ஓசையே குளியலறைக் கொலைக் காட்சியின் கத்தி. அதே இசையைத் தேவாலய முழக்கத்தில் பதிந்திருந்தால் அந்தக் கூர் போயிருக்கும். எதிர்த்திசையில், ‘இன்டர்ஸ்டெல்லார்’ (2014) படத்துக்கான ஆர்கன் இசை லண்டனின் டெம்பிள் தேவாலயத்தில் பதிவானது. விண்வெளியின் அளவை உணர்த்த அங்கே கல்மண்டபத்தின் முழக்கம் தேவைப்பட்டது.

மைக் நிற்கும் தூரம்

கூடத்தின் ஒலி எவ்வளவு பதிவாகும் என்பதை மைக்கின் இடம் தீர்மானிக்கிறது. வாத்தியத்திலிருந்து விலக விலக நேரொலி குறைகிறது. தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். எதிர்முழக்கம் மட்டும் கூடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். இரண்டும் சமமாகும் தூரம் அபே ரோடு போன்ற ஒரு கூடத்தில் சுமார் 3 மீட்டர். அதற்கு உள்ளே நிற்கும் மைக் வாத்தியத்தைக் கேட்கிறது. வெளியே நிற்பது கூடத்தைக் கேட்கிறது.

1950களில் லண்டனின் டெக்கா நிறுவனப் பொறியாளர்கள் மூன்று மைக்குகளை முக்கோணமாக ஒரு தாங்கியில் பொருத்தி, நடத்துநரின் தலைக்கு மேலே, தரையிலிருந்து சுமார் 3 மீட்டர் உயரத்தில் நிறுத்தினார்கள். ‘டெக்கா மரம்’ என்று பெயர்பெற்ற இந்த அமைப்பே இன்றும் திரையிசைப் பதிவின் முதுகெலும்பு. அதோடு ஒவ்வொரு வாத்தியப் பிரிவுக்கும் அருகில் தனி மைக்குகளும், கூடத்தின் பின்புறத்தில் முழக்கத்துக்கென்று மேலும் சிலவும் வைக்கப்படும். கலவை நேரத்தில், வசனம் வரும் இடத்தில் அருகு மைக்குகளைக் கூட்டுவதும், வசனமற்ற பெருங்காட்சியில் மரத்தையும் பின்மைக்குகளையும் திறந்துவிடுவதும் ஒலிக்கலவையாளரின் கையில் இருக்கிறது. கூடம் நன்றாக இருந்தால்தான் அவர் திறந்துவிட ஏதாவது இருக்கும்.

கண்டியின் சொந்த ஒலியிடங்கள்

கண்டியில் இசை பிறக்கும் மரபான இடங்கள் மேலைநாட்டு மண்டபத்தின் இலக்கணத்துக்குள் அடங்குவதில்லை. தலதா மாளிகையில் பூசை வேளைகளில் கெட்ட பெரய, தவுல், தம்மட்டம் ஆகிய மேளங்களும் ஹொரணே என்ற குழலும் ஒலிக்கும் மண்டபம் தூண்கள் நிறைந்தது. தோலில் விழும் அடியின் முதல் கணம் மிகக் கூரியது. தூண்களும் மர வேலைப்பாடுகளும் அந்த ஒலியை ஒரே திசையில் திருப்பாமல் பல திசைகளில் சிதறடிக்கின்றன. சிதறிய முன்தெறிப்புகள் அடியைத் தடிப்பாக்கும். பக்கங்கள் திறந்திருப்பதால் நீண்ட முழக்கம் சேர்வதில்லை. வேகமான தாளக்கட்டு குழம்பாமல் கேட்பதற்கு இது ஏற்ற அமைப்பு.

அருகே உள்ள மகுல் மடுவ இன்னும் திறந்த அமைப்பு. ராஜாதி ராஜசிங்க மன்னர் காலத்தில் 1783இல் தொடங்கிய இந்த அரசவை மண்டபத்தில்தான் 1815 மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. செதுக்கிய மரத்தூண்களும் ஓட்டுக்கூரையும் உண்டு; சுவர் இல்லை. ஒலியியலில் திறந்த வெளி என்பது முழு உறிஞ்சல்: ஒரு சதுர மீட்டர் திறப்பு, தன்மேல் விழும் ஒலி முழுவதையும் வெளியே விட்டுவிடுகிறது. சபைன் தமது முதல் அளவீடுகளில் திறந்த சன்னலையே அலகாகக் கொண்டதும் இதனால்தான். கூரை மட்டும் ஒலியைத் திருப்பித் தரும் இத்தகைய மண்டபத்தில் பேச்சு தெளிவாகக் கேட்கும். வயலின் கூட்டம் வாசித்தால் மெலிந்து ஒலிக்கும்.

1923இல் அடிக்கல் நாட்டப்பட்ட டிரினிட்டி கல்லூரித் தேவாலயம் இதே கண்டியப் பாணியைக் கல்லில் எழுப்பியது. டேவிட் பெயின்டரின் சுவரோவியங்களுக்குப் பேர்பெற்ற அந்தக் கட்டடத்திலும் பக்கச் சுவர்கள் இல்லை. தூண்களுக்கிடையே காற்று வீசும். ஐரோப்பியக் கல்தேவாலயத்தில் சில வினாடிகள் நீளும் முழக்கம், சுவரை எடுத்துவிட்ட இந்த வடிவில் சேர இடமில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் கூரையும் இல்லை. 1961இல் எதிரிவீர சரச்சந்திரவின் ‘சிங்கபாகு’ மேடையேறிய அந்த அரங்கில் சரிவில் அமர்ந்திருப்பவருக்கு நேரொலியே வருகிறது. சரிவு காரணமாக முன்வரிசைத் தலைகள் ஒலியை மறைப்பதில்லை. அதனால் தனிக்குரல் தொலைவு வரை செல்லும்.

இந்த இடங்கள் எல்லாம் ஒரு பாடத்தைத் தருகின்றன. கண்டியின் மேளமும் ஆடலும் திறந்த இடத்துக்கென்று வளர்ந்தவை. அவற்றின் அடி கூரியது, வேகம் அதிகம். சிம்பொனிக் குழு மூடிய கல், மர மண்டபங்களில் வளர்ந்தது; அதன் தந்திகள் முழக்கத்தை எதிர்பார்த்தே எழுதப்பட்டவை. ஒவ்வோர் இசையும் தான் பிறந்த கூடத்தைத் தன் அமைப்பிலேயே சுமந்துகொண்டு வருகிறது.

கடல்கடந்து பதிவான இலங்கை இசை

இலங்கையில் எடுத்த படத்துக்கு வேறெங்கோ இசை பதிவதும், இலங்கைக் கதைக்கு வேறெங்கோ படமே எடுப்பதும் பழைய வழக்கம். முதல் சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொரொந்துவ’ (1947), எஸ். எம். நாயகத்தின் தயாரிப்பில் மதுரையின் சித்ரகலா மூவிடோன் ஸ்டூடியோவில் உருவானது. அதே ஆண்டின் ‘அசோகமாலா’ கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவானது. அன்றைய சிங்களத் திரைப்பாட்டில் தென்னிந்திய ஒலி கேட்டதற்கு மெட்டுகள் ஒரு காரணம் என்றால், அதே வாத்தியக்காரர்களும் அதே கூடங்களும் இன்னொரு காரணம். 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’ படத்தை ஸ்டூடியோவை விட்டு வெளியே, இலங்கைக் கிராமத்தில் எடுத்தபோது படம் ஊருக்குத் திரும்பியது.

மறுவருடம் கண்டிக்குத் தென்மேற்கே, களனி ஆற்றங்கரையில் உள்ள கித்துல்கலையில் எடுத்த ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ வெளிவந்தது. அதன் இசைக்கு மல்கம் ஆர்னால்ட் ஆஸ்கார் விருது பெற்றார். கைதிகள் சீழ்க்கையடித்தபடி அணிவகுத்து வரும் காட்சியில் முதலில் திறந்தவெளி ஒலி கேட்கிறது. பிறகு ஆர்னால்ட் எழுதிய எதிர்மெட்டோடு வாத்தியக்குழு சேர்கிறது. அந்தக் கணத்தில் காது காட்டிலிருந்து கூடத்துக்குப் போய்விடுகிறது. கண் மட்டும் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. இந்த இடமாற்றத்தைப் பார்வையாளர் கவனிப்பதில்லை. திரையிசையின் மரபே அதன்மேல்தான் நிற்கிறது.

படப்பிடிப்பும் இசைப்பதிவும் தனித்தனி இடங்களுக்குப் போக வழிசெய்தது பின்னணிப் பாடல் முறை. தமிழில் அது 1938இல் ஏவி. மெய்யப்பச் செட்டியாரின் ‘நந்தகுமார்’ படத்தோடு வந்தது. அதற்கு முன் நடிகர் பாடும்போதே வாத்தியக்காரர்கள் காட்சிக்குள் வராதபடி ஒதுங்கியிருந்து வாசிக்க வேண்டியிருந்தது. படம் எடுக்கும் இடத்தின் ஒலியே பாட்டின் ஒலி. அதன்பிறகு கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பகுதிகளில் ரெக்கார்டிங் தியேட்டர்களும், பின்னணி இசைக்கென்று ரீ-ரெக்கார்டிங் தியேட்டர்களும் வளர்ந்தன. படச்சுருளைத் திரையில் ஓட்டி, குழுவைக் கூட்டி, குறைந்த நாள்களில் முழுப்படத்துக்கும் இசை பதிவது அங்கே நடைமுறையாக இருந்தது. அந்தத் தெளிவான, நெருக்கமான ஒலியில் தமிழ் ரசிகரின் இரு தலைமுறைக் காது பழகியது.

புடாபெஸ்ட் போன தமிழ் இசை

பெரிய கூடத்தின் தேவை எழுந்தபோது தமிழ் இசையமைப்பாளர்கள் வெளிநாடு போனார்கள். இளையராஜா ‘குரு’ (1997) என்ற மலையாளப் படத்தின் பின்னணி இசையை ஹங்கேரியின் புடாபெஸ்டில் பதிவுசெய்தார். ‘ஹே ராம்’ (2000) படத்துக்கும் அங்கேயே போனார். 2005இல் வெளியான ‘திருவாசகம்’ இசைத்தொகுப்பிலும் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. அவருடைய சென்னைப் பதிவுகளோடு இவற்றை ஒப்பிட்டுக் கேட்டால் தந்திகளின் வேறுபாடு முதலில் தெரியும். சென்னையில் ஒவ்வொரு வயலினின் வில்லும் தெரியும். புடாபெஸ்டில் பல வில்கள் ஒரே உடலாகக் கரைகின்றன. அந்தக் கரைவில் பாதி எண்ணிக்கையால் வருவது, பாதி கூடத்தால் வருவது.

ஏ. ஆர். ரஹ்மான் எதிர்த்திசையில் தொடங்கினார். வீட்டோடு ஒட்டிய பஞ்சதன் ஸ்டூடியோவில், வறண்ட சிறு அறையில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிந்து, முழக்கத்தைக் கருவி வழியே பின்னர் சேர்க்கும் முறை ‘ரோஜா’ (1992) வழியாகத் தமிழ்த் திரையின் ஒலியை மாற்றியது. கூடம் இங்கே பதிவின்போது இல்லை, கலவையின்போது உருவாக்கப்படுகிறது.

இடத்தைத் தேர்வதில் பணமும் பேசுகிறது. அமெரிக்கத் தொழிற்சங்க விதிப்படி, படம் பிற வடிவங்களில் விற்பனையாகும்போது வாத்தியக்காரருக்கு மேலும் தொகை சேரும். லண்டனிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் ஒருமுறை ஊதியத்தோடு கணக்கு முடிவதே பெரும்பாலான ஒப்பந்தம். புடாபெஸ்ட், பிராக் நகரங்களின் ஒலி உலகத் திரையரங்குகளில் இவ்வளவு பரவியதற்கு இதுவும் காரணம்.

காற்றும் சுருதியும்

கூடத்தைப் போலவே ஊரின் காற்றும் ஒலியில் பங்கேற்கிறது. 15 பாகை செல்சியசில் ஒலி வினாடிக்கு 340 மீட்டரும், 25 பாகையில் 346 மீட்டரும் பயணிக்கிறது. புல்லாங்குழல், ட்ரம்பெட் போன்ற காற்றுக்கருவிகளின் சுருதி இந்த வேகத்தோடு ஏறும்; 10 பாகை மாற்றத்துக்கு ஏறத்தாழ அரைச்சுரத்தில் மூன்றிலொரு பங்கு. தந்திகள் வெப்பத்தில் நீண்டு தளர்வதால் எதிர்ப்பக்கம் இறங்கும். ஒரே குழுவில் இரண்டும் எதிரெதிராக நகர்ந்தால் சுருதி கலையும். அதனால்தான் ஒலிப்பதிவுக்கூடங்களில் வெப்பநிலை நாள் முழுவதும் ஒரே அளவில் காக்கப்படுகிறது.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் உள்ள கண்டியில் வெப்பம் மிதமானது, ஈரப்பதன் அதிகம். ஈரக்காற்று உயர் மீடிறன்களை உலர்ந்த காற்றைவிடக் குறைவாகவே உறிஞ்சும். ஆனால் வயலின், செலோவின் மரம் ஈரத்தில் விரிகிறது. மேளத்தின் தோல் தளர்கிறது. மேளக்காரர்கள் வாசிக்கும் முன் வார்களை இழுத்துக் கட்டுவது இதற்காகத்தான். ஆதார சுருதியும் ஊருக்கு ஊர் வேறு: லண்டன், லாஸ் ஏஞ்சலிஸ் பதிவுகளில் வழக்கமாக 440 ஹெர்ட்ஸ், வியன்னாவில் 443 வரை. மூன்று ஹெர்ட்ஸ் கூடினால் தந்தியின் இழுவையும் கூடி, ஒலி சற்றே பளிச்சிடும்.

கூடத்தை எடுத்துச் செல்லுதல்

இன்று ஒரு கூடத்தின் முழக்கத்தைக் கோப்பாகப் பதிந்து வேறெங்கும் கொண்டுபோகலாம். தாழ்ந்த மீடிறனிலிருந்து உயர்ந்த மீடிறன் வரை சீராக ஏறும் ஓர் ஒலியைக் கூடத்தில் ஒலிக்கச் செய்து, திரும்பி வருவதைப் பதிவுசெய்வார்கள். பதிவிலிருந்து மூல ஒலியைக் கணித முறையில் நீக்கினால் எஞ்சுவது கூடத்தின் கைரேகை. எந்த வறண்ட பதிவையும் அதனோடு கணித முறையில் பெருக்கிச் சேர்த்தால், அந்தக் கூடத்திலேயே வாசித்ததுபோல் கேட்கும். 1999 முதல் இதற்கான கருவிகளும் மென்பொருள்களும் வந்தன. லண்டனின் பெரிய கூடங்களில் ஒவ்வொரு வாத்தியத்தையும் சுரம் சுரமாகப் பதிந்து விற்கும் மின்னூலகங்களும் உள்ளன. கண்டியில் ஒரு மடிக்கணினியில் படத்துக்கு இசை அமைப்பவர், அபே ரோட்டின் கூரையைத் தம் அறைக்குள் இறக்கிக்கொள்ள முடியும்.

அதே முறையால் தலதா மாளிகையின் மேள மண்டபத்தையும், மகுல் மடுவையும், டிரினிட்டி தேவாலயத்தையும் அனுமதியோடு அளந்து பதிந்து வைக்கலாம். இலங்கைப் படம் ஒன்றுக்கு இசை அமைப்பவருக்கு அது உண்மையான சொத்து. உலகமெங்கும் ஒரே நாலைந்து கூடங்களின் முழக்கம் கேட்கும் காலத்தில், ஓர் ஊரின் ஒலியை அந்த ஊருக்கே திருப்பித் தரும் வழி அது.

ஆனால் இந்த முறை தருவது பாதிதான். கைரேகை கூடம் ஒலிக்குச் செய்வதைப் பதிவுசெய்கிறது. கூடம் வாத்தியக்காரருக்குச் செய்வதை அதனால் பதிய முடியாது. முழக்கமுள்ள கூடத்தில் அமர்ந்தவர் தம் சுரத்தின் முடிவைக் கூடம் ஏந்திக்கொள்வதைக் கேட்டு வில்லை முன்னதாகவே எடுக்கிறார். வேகத்தைச் சிறிது குறைக்கிறார். பக்கத்தில் இருப்பவரோடு சுருதியைக் கலக்கிறார். வறண்ட அறையில் அதே கலைஞர் சுரத்தைத் தாமே இழுத்து முடிக்க வேண்டியிருக்கிறது. விரலும் மூச்சும் வேறு வகையில் உழைக்கின்றன. பதிவிடம் காற்றின் வழியே ஒலியையும், காதின் வழியே வாசிப்பையும் மாற்றுகிறது. முதலாவதைக் கணினி பின்னால் சேர்க்கும். இரண்டாவது வேண்டுமென்றால் குழுவை அந்தக் கூடத்தில் உட்கார வைத்தே ஆக வேண்டும்.